முகப்பும் வளவும்: 'பிரிடென்ஷஸ்' என்ற சொல்லைச் செட்டிநாட்டில் வைத்துப் பார்த்தால்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்றுகொண்டு என் அக்கா மகள், "மாமா, வீடு அழகாத்தான் இருக்கு. ஆனா ரொம்பப் பிரிடென்ஷஸ்" என்றாள். சென்னையில் வேலை பார்க்கிறவள், நிறையப் படிக்கிறவள். நான் காரைக்குடியில் பல வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன். என் அப்பா இந்த மாதிரி வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்த கொத்தனார். அந்த ஒரு சொல் வாத்தியாரையும் தைத்தது, கொத்தனார் மகனையும் தைத்தது.

இந்தச் சொல் இப்போது நம் பிள்ளைகள் பேச்சில் தாராளமாகப் புழங்குகிறது. படம் புரியவில்லையா, பிரிடென்ஷஸ். காபிக் கடையில் விலை அதிகமா, அதுவும் பிரிடென்ஷஸ். ஒரு பையன் பஸ்ஸில் தடிமனான புத்தகம் வைத்திருந்தால் அவனும் பிரிடென்ஷஸ். எல்லாவற்றையும் வெட்டுகிற அரிவாளுக்குக் கூர் இருக்காது. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று காட்ட எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளே போதும்.

முதலில் பொருள். தன்னிடம் இருப்பதைவிட அதிகமான அறிவோ, ரசனையோ, ஆழமோ, முக்கியத்துவமோ இருப்பதாகக் காட்டிக்கொள்வதுதான் பிரிடென்ஷஸ். இதற்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, 'நான் இன்னார்' என்று வாய்விட்டோ வாய்விடாமலோ ஒரு உரிமை கோரப்படுகிறது. இன்னொன்று, அந்தக் கோரலுக்குப் பின்னால் சரக்கு இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் சொல்லுக்கு இடம். சரக்கு இருந்துவிட்டால், எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் வேறு சொல்தான் தேட வேண்டும்.

வேரைத் தோண்டினால் இது இன்னும் தெளிவாகும். லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழுத்து விரிப்பது, நீட்டுவது. 'ப்ரே' என்றால் முன்னால். 'ப்ரேடெண்டெரே' என்றால் முன்னால் விரித்துப் பிடிப்பது. ஒரு திரையை எடுத்து முன்னால் கட்டுகிற மாதிரி. கூடாரத்தைக் குறிக்கும் 'டென்ட்' என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான், அதுவும் இழுத்துக் கட்டிய துணிதானே. இந்த வினையிலிருந்து 'பிரிடென்ட்' வந்தது. பிரெஞ்சு வழியாக 'பிரிடென்ஷஸ்' ஆங்கிலத்துக்குள் நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில். ஆங்கிலத்தின் வயதுக்கு அது ரொம்பப் புதுச் சொல்.

'பிரிடென்ட்' என்ற சொல்லுக்கு இன்று 'நடிப்பது' என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறோம். ஆரம்பத்தில் அதற்கு 'உரிமை கோருவது' என்ற பொருளே முன்னால் நின்றது. இங்கிலாந்து வரலாற்றில் இதற்கு நல்ல தடயம் இருக்கிறது. பட்டம் இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் மகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை 'பழைய பிரிடென்டர்' என்றார்கள், பேரன் சார்லஸை 'இளைய பிரிடென்டர்' என்றார்கள். வேஷம் போட்டவர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, அரியணை தங்களுடையது என்று கோரியவர்கள் என்று அர்த்தம். 1746இல் கல்லோடன் போரில் சார்லஸ் தோற்றார், கோரல் கோரலாகவே நின்றுபோனது. நிறைவேறாத கோரலும் பொய்க் கோரலும் கேட்கிற காதுக்கு ஒன்றாகிப்போவது சகஜம். சொல்லும் அப்படியே மெல்ல மெல்லப் பொய்யின் பக்கம் சாய்ந்தது.

சரி, முன்னால் விரித்துப் பிடிப்பது என்றவுடன் செட்டிநாட்டுக்காரனுக்கு முகப்புதான் ஞாபகம் வரும். தெருவில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது அதுதான். மேலே சுதையில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் தூண்கள், திண்ணை, ஆளுயரத்துக்கு மேல் செதுக்கிய நிலைக்கதவு. என் அக்கா மகள் பார்த்து முகம் சுளித்தது இதைத்தான். ஆனால் இந்த வீடு முகப்போடு முடிவதில்லை. உள்ளே போனால் வளவு, வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அதற்கும் அப்பால் அடுப்படி, கொல்லை. ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். முகப்பு எதைச் சொல்கிறதோ அதை வளவு காப்பாற்றுகிறது.

அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி என்று ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு சேர்மானம், கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. ஒரு படை காய்ந்து இறுகும்வரை காத்திருந்து அடுத்த படை. மெருகேற்றுவது கரணையும் வழுவழுப்பான கல்லும் மனிதனின் தோள்பட்டையும்தான். நூறு வருடம் கழித்தும் அந்தச் சுவரில் முகம் தெரிகிறது. வெளியே தெரிகிற கடைசிப் பூச்சு மயிரிழை கனம்தான், ஆனால் அதற்கு அடியில் இருக்கும் படைகள் சரியில்லையென்றால் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்று அப்பா சொல்வார். பிரிடென்ஷஸ் என்ற சொல்லுக்கு வகுப்பில் இதைத்தான் உதாரணம் சொல்கிறேன். அடிப்படை இல்லாமல் கடைசிப் பூச்சை மட்டும் பூசுவது.

வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, வியட்நாம் என்று போய் வட்டித்தொழில் செய்து சேர்த்த பணம் அது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த முகப்பைப் பற்றிச் சொல்ல வேறு கடுமையான சொற்கள் இருக்கின்றன, அவற்றுக்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் பிரிடென்ஷஸ் அந்தச் சொல் இல்லை. இவர்கள் இல்லாததை இருப்பதாகச் சொல்லவில்லை. இருந்ததை, கொஞ்சமும் ஒளிக்காமல், தெருவுக்கே காட்டினார்கள்.

அப்படிக் காட்டுவதற்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் இருக்கிறது, 'ஆஸ்டென்டேஷஸ்'. இதுவும் அந்த 'விரிப்பது' வேரிலிருந்தே வந்த ஒன்றுவிட்ட சகோதரன். எதிரே நீட்டிக் காட்டுவது என்று பொருள். காசு இருக்கிறவன் காசைக் காட்டினால் ஆஸ்டென்டேஷஸ், காசு இல்லாதவன் இருக்கிற மாதிரிக் காட்டினால் பிரிடென்ஷஸ். நடைமுறையில் பிரிடென்ஷஸ் காசைவிட அறிவையும் ரசனையையும் பற்றித்தான் அதிகம் பேசும். பேச்சிலும் தோரணையிலும் கனம் ஏற்றிக்கொண்டு நடப்பவர் 'பாம்பஸ்'. மற்றவரைத் தனக்குக் கீழாகப் பார்ப்பவர் 'ஸ்னாப்'. இந்த ஸ்னாப்பின் கதை விசித்திரம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரர்களை அப்படி இளக்காரமாக அழைத்தார்கள். 1846, 47இல் லண்டன் 'பஞ்ச்' இதழில் வந்த ஒரு தொடருக்குப் பிறகு, இளக்காரமாகப் பார்க்கிறவனுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆடம்பரம், பகட்டு, டாம்பீகம், ஜம்பம், பீற்றல், அலட்டல், பந்தா, பாசாங்கு, சீன் போடுவது என்று நம்மிடம் கொட்டிக்கிடக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஆடம்பரத்தின் வடமொழி மூலத்துக்கு ஒருவகை முரசு என்றும், பெரும் ஓசை என்றும் பொருள் உண்டு. தம்பட்டம் அடிப்பது என்று நாம் சொல்வதிலும் அதே பறைதான். இவை ஆஸ்டென்டேஷஸின் பக்கம்.

பிரிடென்ஷஸுக்கு மிக அருகில் வருவது படாடோபம். பாம்பு படம் விரிப்பதைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. பழைய சுலோகம் ஒன்று, விஷம் இல்லாத பாம்பும் பெரிதாகப் படம் எடுக்கட்டும், விஷம் இருக்கிறதோ இல்லையோ படமே பயமுறுத்தும் என்கிறது. லத்தீனில் முன்னால் விரித்த திரை, இங்கே முன்னால் விரித்த படம். இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே காட்சியைப் பிடித்திருக்கின்றன. இந்தச் சொல்லை நாம் பத்திரிகைத் தமிழில்கூட மறந்துவருவது எனக்கு வருத்தம். அறிவு விஷயத்தில் வருகிற படாடோபத்துக்கு, கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி என்று ஔவையார் பாட்டு எல்லோருக்கும் தெரியும். வான்கோழியின் குற்றம் ஆடியது இல்லை. 'தானும் அதுவாகப் பாவித்து' என்று பாட்டே சொல்கிறது. அந்தப் பாவனைதான் குற்றம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சாமான் பரப்புவது என்று ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்ச் சாமான்களை வளவில் வரிசையாகப் பரப்பிவைத்து எல்லோரும் பார்ப்பார்கள். பித்தளை, வெள்ளி, எவர்சில்வர், ஓலைக் கொட்டான் முதற்கொண்டு எண்ணிக்கை இருக்கும். அத்தனையும் அந்தப் பெண்ணின் சொத்து, பரப்புவதே அதற்குச் சாட்சி. இது ஆஸ்டென்டேஷஸ் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். கூட்டத்துக்குப் பயந்து யாராவது இரவல் சாமான் வாங்கிப் பரப்பினால்தான் அது பிரிடென்ஷஸ். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்ற பழமொழிக்குள் அந்தப் பயமும் அதன் விலையும் சேர்ந்தே இருக்கின்றன.

அதே வீட்டின் அடுப்படிக்குள் போய்ப் பாருங்கள். அரிசி கழுவிய கழனித் தண்ணீரைக் கீழே ஊற்ற மாட்டார்கள். புளியைக் கரைத்து, வெண்டைக்காயும் சின்ன வெங்காயமும் போட்டு அந்தத் தண்ணீரிலேயே மண்டி வைப்பார்கள். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தியவர்கள் வீட்டில் கழனி வீணாகாது. ஆச்சிமார் கை சிக்கனம் அது. இதே மண்டியை ஒரு பெரிய நகரத்து உணவகத்தில் சாப்பிட்டேன். மெனுவில் அதற்கு ஐந்து வரி வர்ணனை இருந்தது. அரண்மனை என்றார்கள், தலைமுறை ரகசியம் என்றார்கள், வணிகக் குலத்தின் பாரம்பரியம் என்றார்கள். தட்டில் வந்ததில் கழனியின் புளித்த கனம் இல்லை, வெறும் புளிக்குழம்பு. ஐந்து வரி அங்கே திரையாக விரிந்திருந்தது. அந்த மெனுவைத்தான் நான் பிரிடென்ஷஸ் என்பேன். எளிமையான ஒரு பண்டத்துக்கு அது கேட்காத மகுடத்தைச் சூட்டி, அதற்கு வேண்டிய ஒரே பொருளைக் கொடுக்காமல் விட்டார்கள்.

ஆத்தங்குடிக் கல்லையும் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் பூ அச்சைப் பொருத்தி, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, பிறகு காயவைக்கிறபோது கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்தக் கண்ணாடியின் மினுமினுப்பைக் கல்லின் முகம் வாங்கிக்கொண்டிருக்கும். போட்ட பிறகு கால் பட்டுப் பட்டு மெருகு கூடும்.

இப்போது இதே பூக்களை அச்சடித்த பீங்கான் டைல்கள் கடையில் கிடைக்கின்றன. கடைக்காரர் 'ஆத்தங்குடி டிசைன்' என்று சொல்லி விற்கிறார். அதில் ஒரு தப்பும் இல்லை, விலைக்கேற்ற பண்டம். தெரிந்தே கைவேலை என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்கினால் அது மோசடி, அதற்குப் பிரிடென்ஷஸ் என்ற மென்மையான சொல் போதாது. அந்த டைலைப் போட்டுவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் கைவினையின் ஆன்மா, மண்ணின் மணம் என்று அரைமணி நேரம் பேசுகிற வீட்டுக்காரர்தான் பிரிடென்ஷஸ். அவர் காசைத் திருடவில்லை. தன்னிடம் இல்லாத ஒரு ரசனைக்குப் பட்டா கேட்கிறார்.

எனக்கு இதில் மிகவும் கவலை தருவது வேறு ஒன்று. என் வகுப்பில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி தைரியமாக எழுந்து ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசினால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "பீட்டர் விடுறாடா". அவ்வளவுதான், அடுத்த மூன்று மாதத்துக்கு அவள் வாய் திறக்க மாட்டாள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பையன்கள் அதையே 'பிரிடென்ஷஸ்' என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள், அடி அதே அடிதான்.

பழகுவது வேறு, பாவிப்பது வேறு. தெரியாத ஒன்றை எட்டிப் பிடிக்கப் பார்ப்பவள் தெரிந்ததாகக் கோரவில்லை, தெரிந்துகொண்டிருக்கிறாள். அந்த லத்தீன் வேருக்கே இரண்டு முகம் உண்டு. முன்னால் திரையாக விரித்தால் 'பிரிடென்ட்'. ஒன்றை நோக்கி மனத்தை நீட்டினால் 'இன்டென்ட்', 'அட்டென்ட்', அதாவது நினைத்து முயல்வது, கவனம் வைப்பது. பஸ்ஸில் தடிமனான புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பையன் இதில் எந்தப் பக்கம் என்று ஒரு பார்வையில் சொல்ல யாராலும் முடியாது. படிக்கிறானா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கேட்காமல் அந்தச் சொல்லை வீசுபவர்கள், பெரும்பாலும் அந்தப் புத்தகம் ஏற்கெனவே எட்டிய வீட்டில் பிறந்தவர்கள்.

இங்கிலாந்திலும் இந்தச் சொல் அப்படிப் பயன்பட்டிருக்கிறது, தன் இடத்தைவிட்டு மேலே வருகிறவனைத் தட்டிவைக்க. அதனால்தான் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கொஞ்சம் ஆழமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், 'பிரிடென்ஷஸாகத் தோன்றலாம், ஆனால்...' என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறார்கள். எதிர்ப்பதமான 'அன்பிரிடென்ஷஸ்' அங்கே பெரிய பாராட்டு. சின்ன உணவகம், எளிய மனிதர், நேரான எழுத்து எல்லாவற்றுக்கும் அதைச் சொல்வார்கள். நம் பேச்சில் 'பந்தா இல்லாத ஆளு' என்கிறோமே, அப்படியே அதுதான்.

பந்தா இல்லாததற்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கணக்குமுறையும் உண்டு. நகரத்தார் கோயில்களின் வரிக் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஆயிரம் ஜன்னல் வீட்டுக்காரரும் ஒரு புள்ளி, வாடகை வீட்டில் இருப்பவரும் ஒரு புள்ளி. வரிக் கணக்குப் புத்தகத்தில் முகப்பு தெரியாது.

பயன்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லை மனிதரைவிட அவர் செய்த பொருளுக்குச் சொல்வது பாதுகாப்பு: படம், கட்டடம், மெனு, கவிதை, கடைப் பெயர். பொருள் என்ன கோருகிறது, என்ன கொடுக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்கலாம். மனிதரைச் சொன்னால் அவர் மனதுக்குள் புகுந்து பார்த்ததாக நாம் கோருகிறோம். புரியாத படத்துக்கு 'புரியவில்லை', விலை கூடிய காபிக்கு 'விலை அதிகம்' என்று சொன்னால் போதும்.

கானாடுகாத்தானிலிருந்து திரும்பும்போது இதையெல்லாம் காரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டாள். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். எனக்குத் தெரிந்த வீடு, அப்பா வேலை செய்த வீடு. முகப்பில் புதிதாக வெள்ளை அடித்திருந்தது, நிலைக்கதவுக்கு எண்ணெய் பூசியிருந்தது. சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தால் இரண்டாங்கட்டு ஓடு சரிந்து, வளவுக்குள் வேப்பங்கன்று முளைத்து நிற்கிறது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்த பிறகு போன பணம் திரும்பவில்லை. பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பேர் உரிமையாளர்கள். இடிக்கவும் சம்மதம் வராது, எடுத்துக் கட்டவும் சம்மதம் வராது.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா? முன்னாடி மட்டும்தானே இருக்கு, பின்னாடி ஒண்ணும் இல்லையே" என்றாள். நியாயமான கேள்வி. சொல்லின் இலக்கணப்படி பார்த்தால் இது பொருந்தத்தான் வேண்டும்.

உள்ளே வாட்ச்மேன் அண்ணன் புளி போட்டுக் கதவின் பித்தளைக் குமிழ்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை படைப்பு, சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பங்காளிகள் வருகிறார்கள் என்றார். முன்னோர்களுக்குப் படைக்க முகப்பும் அதை ஒட்டிய ஒரு அறையும் போதும், அதை மட்டும் வருடா வருடம் ஒழுங்கு பண்ணுவார்களாம். தெருவில் போகிற யாரிடமும் அந்த வெள்ளைச் சுண்ணாம்பு எதையும் கோரவில்லை. வீட்டைக் கட்டியவர்கள் வந்து பார்த்தால் முகம் வாடக் கூடாது என்று அடித்த சுண்ணாம்பு அது.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து, "அண்ணே, இன்னொரு துணி இருக்கா?" என்று கேட்டாள்.